விழுப்புரம் ஜங்ஷனில் டீ விற்பது யாருக்கு? விமான வலையமைப்பு: ஓர் எளிய விளக்கம்

ஓர் ஊரில் புதிய விமான முனையம் திறந்தால் அடுத்த வாரமே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இனிமேல் நம் ஊரிலிருந்தே லண்டன் போகலாம்." ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் அதே கடையில் உட்கார்ந்து, "இத்தனை கோடி போட்டுக் கட்டியும் சென்னைக்கு மட்டும்தான் விமானம், எல்லாம் அரசியல்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் இருப்பது ஒரே பிழை. கட்டடம் வந்தால் விமானம் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்வது. அரசியலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கே நுழைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நிலையத்தைக் கட்டுவது பெரும்பாலும் அரசு. அங்கே விமானத்தைக் கொண்டுவருவது விமான நிறுவனம். அந்த நிறுவனம் ஊரைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. தன் வலையமைப்பில் அந்த ஊர் எங்கே பொருந்துகிறது என்றுதான் பார்க்கிறது. வலையமைப்பு என்பது ஒரு நிறுவனம் எந்தெந்த ஊர்களை, எந்த நேரத்தில், நாளுக்கு எத்தனை முறை இணைக்கிறது என்ற மொத்த ஏற்பாடு. ஒரே அளவு மக்களும் ஒரே அளவு பணப்புழக்கமும் உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு நாளுக்கு 27 விமானங்களும் மற்றதற்கு 3 விமானங்களும் கிடைக்கலாம். இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். அதற்கு முன் ரயிலில் கொஞ்ச தூரம் போய் வருவோம்.

விழுப்புரத்து டீ

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று பல திசைத் தடங்கள் வந்து சேர்கின்றன. நடைமேடையில் டீ வாங்கிக் குடிப்பவர்களை நிறுத்தி, "விழுப்புரத்தில் என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் முழிப்பார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை. வண்டி அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வழிப்போக்கர்கள் இருப்பதால்தான் விழுப்புரத்துக்காரருக்கு எந்த நேரத்திலும் எந்தத் திசைக்கும் ஒரு வண்டி இருக்கிறது. தன் ஊரின் அளவுக்கு மீறிய வசதி அவருக்குக் கிடைக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பவர்கள் பிற ஊர்க்காரர்கள்.

விமானத்திலும் இதே கதைதான். மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே குடம், அதிலிருந்து சுற்றிலும் ஆரக்கால்கள். ஒரு நிறுவனம் ஓர் ஊரைக் குடமாக வைத்துக்கொண்டு, மற்ற ஊர்களையெல்லாம் அதனோடு மட்டும் இணைத்தால், நடு ஊரை மையம் என்கிறோம். செய்தித்தாள்களில் 'ஹப்' என்று படித்திருப்பீர்கள். மையத்தோடு மட்டும் இணைந்த மற்ற ஊர்கள் ஆரக்கால் ஊர்கள். ஓர் ஆரக்கால் ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் மையத்தில் இறங்கி விமானம் மாறுகிறார். அவர் இணைப்புப் பயணி. மையத்திலேயே குடியிருந்து அங்கே விமானம் ஏறுகிறவரும், அந்த ஊருக்கென்றே வந்து இறங்குகிறவரும் சொந்தப் பயணிகள். இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் எல்லாச் சங்கதிகளுக்கும் இந்த இரண்டு வகைப் பயணிகளுக்கும் உள்ள வேறுபாடுதான் சாவி.

பத்து ஊர்க் கணக்கு

பத்து ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அளவு. எந்த ஊரிலிருந்தும் வேறு எந்த ஊருக்கும் நாளுக்கு 20 பேர் போக விரும்புகிறார்கள். நம்மிடம் இருப்பது 78 பேர் உட்காரும் சிறிய விமானம்.

எல்லா ஊர்களையும் ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 45 தடங்கள் வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் 78 இருக்கைகளில் 20 பேர். ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கூட இந்தக் கணக்குக்கு வண்டியை எடுக்க மாட்டார். 45 தடங்களிலும் நட்டம். ஆகவே ஒரு விமானமும் பறக்காது.

இப்போது பத்தில் ஓர் ஊரை மையமாக்குவோம். எந்த ஊர் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தாலும் சரி. தடங்கள் ஒன்பதே. ஓர் ஆரக்கால் ஊரில் நாளுக்கு விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? மையத்துக்கே போகிறவர்கள் 20. மற்ற எட்டு ஊர்களுக்குப் போகிற 160 பேரும் அதே விமானத்தில்தான் ஏறியாக வேண்டும். ஆக 180. நாளுக்கு மூன்று விமானங்களில் 234 இருக்கைகள்; நான்கில் மூன்று பங்குக்கு மேல் நிரம்பிவிடுகிறது. இந்தப் பங்குக்கு இருக்கை நிரப்பு விகிதம் என்று பெயர். நட்டத்தில் கிடந்த அதே ஊர்கள், அதே மக்கள். கோடுகளை மாற்றி வரைந்ததும் விமானம் பறக்கிறது.

மைய ஊரைப் பாருங்கள். ஒன்பது திசைகள், திசைக்கு மூன்று: நாளுக்கு 27 புறப்பாடுகள். அவற்றில் ஏறுகிறவர்கள் 1,620 பேர். அந்த 1,620 பேரில் மைய ஊர்க்காரர்கள் 180 பேர்தான்! மீதி 1,440 பேர் விழுப்புரத்தில் டீ குடிக்கிறவர்கள். ஆரக்கால் ஊரிலும் சொந்தப் பயணிகள் அதே 180. ஆனால் அவர்களுக்கு மூன்று புறப்பாடுகள், ஒரே திசை.

இங்கே ஆரக்கால் ஊருக்கு அநியாயம் நடந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மையம் இல்லாத ஏற்பாட்டில் அந்த ஊருக்கு விமானமே இல்லை. இப்போது ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ஒன்பது ஊர்களுக்கும் போகிறது. பதினோராவதாக ஓர் ஊர் சேர வேண்டுமானால் அதற்கும் ஒரு கோடு போதும். "சென்னைக்கு மட்டும்தான் விமானம்" என்று அலுத்துக்கொள்கிறவர், அந்த 'மட்டும்' எத்தனை ஊர்களின் வாசல் என்பதைக் கவனிப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மையம் பல சிறிய தேவைகளை ஒரே விமானத்தில் ஒன்றுசேர்க்கிறது. அதனால் சிறிய ஊர்களுக்கும் விமானம் கிடைக்கிறது. மைய ஊருக்கோ தன் தகுதிக்கு மேற்பட்ட விமானங்கள் கிடைக்கின்றன.

பெரிய நிலையம் எல்லாம் மையம் அல்ல

நிறைய விமானங்கள் வந்து போனால் அது மையம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பஸ் நிலையத்தில் நூறு பஸ்கள் நிற்கலாம். நீங்கள் வந்து இறங்கும்போது உங்கள் அடுத்த பஸ் கிளம்பிப் போய் பத்து நிமிடம் ஆகியிருந்தால், உங்களைப் பொறுத்தவரை அந்த இணைப்பு இல்லை.

ஆகவே மையத்தை நடத்துகிற நிறுவனம் விமானங்களைக் கூட்டமாக வரவழைக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்குள் பல திசைகளிலிருந்தும் வந்து இறங்கும். பயணிகள் மாறிக்கொண்டதும் எல்லாம் கூட்டமாகக் கிளம்பும். இதை அலை என்கிறார்கள். நாளுக்குச் சில அலைகள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நிலையம் ஓய்ந்து கிடக்கும். கூரியர் உலகில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஃபெட்எக்ஸ் நிறுவனம் 1973-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரை மையமாக வைத்து 14 சிறிய விமானங்களோடு தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே போகும் பார்சலும் அந்நாளில் இரவோடு மெம்ஃபிஸ் போய்ப் பிரிந்துதான் திரும்பியது. பார்சலுக்குக் கால் வலிக்காது. ஆகவே அது நடுவே விமானம் மாறியது யார் கண்ணிலும் படவில்லை.

மனிதர்களுக்கு இன்னும் சில வேண்டும். ஒரே டிக்கெட், பெட்டியைப் புறப்படும் ஊரில் ஒப்படைத்தால் போய்ச் சேரும் ஊரில் கிடைக்க வேண்டும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பை நிறுவனம் ஏற்க வேண்டும். தனித்தனி டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஒரு முனையத்தில் பெட்டியை வாங்கி இன்னொரு முனையத்துக்கு உருட்டிக்கொண்டு ஓடுகிறவர், வரைபடத்தில் மையத்தில் இருக்கலாம். நிஜத்தில் இரண்டு தனிப் பயணங்கள் போகிறார். சென்னை விமான நிலையம் பெரியது, பரபரப்பானது. ஆனாலும் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பகுதி சொந்தப் பயணிகள். சென்னைக்காரர் மான்செஸ்டர் போக வேண்டுமானால் துபாயிலோ தோஹாவிலோ மாறுகிறார். அவருடைய மையம் வளைகுடாவில் இருக்கிறது.

மையமே வேண்டாம் என்கிறவர்கள்

இன்னொரு வழியும் உண்டு. மாறுகிற வேலையே வேண்டாம், நேராகப் போக ஆட்கள் இருக்கிற இரண்டு ஊர்களை மட்டும் இணைப்போம் என்பது. இதை நேர்வழி வலையமைப்பு எனலாம். 1971-இல் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று ஊர்களை இணைத்துத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. அலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் விமானம் தரையில் நிற்கும் நேரம் குறைகிறது. செலவு குறைகிறது. டிக்கெட் விலையும் குறைகிறது.

நம் பத்து ஊர்க் கணக்கில் இது ஏன் தோற்றது? ஓர் இணைக்கு 20 பேர்தான் இருந்தார்கள். இணைக்கு 200 பேர் இருந்தால் நேர்வழி ஜெயிக்கும். யாருக்குத்தான் மாறிப் போகப் பிடிக்கும்? ஆகவே பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் இடையே நேர்வழி. சிறிய ஊருக்கு மையம். நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டையும் கலந்தே ஓட்டுகின்றன.

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால்

அமெரிக்காவில் 1978 வரை எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு வாரியம் ஒன்று தீர்மானித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டது. நிறுவனங்கள் தங்கள் கோடுகளைத் தாங்களே வரையத் தொடங்கின. டெல்டா நிறுவனம் 1955-இலிருந்தே அட்லாண்டாவில் செய்துகொண்டிருந்ததை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: செத்தவன் சொர்க்கத்துக்குப் போனாலும் நரகத்துக்குப் போனாலும் அட்லாண்டாவில் விமானம் மாறித்தான் போக வேண்டும்.

நாட்டின் நடுவே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரம் டிடபிள்யூஏ நிறுவனத்தின் மையமாயிற்று. கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு நடுவழியில் மாறிக்கொள்ள வசதியான இடம். 2000-ஆம் ஆண்டில் அந்த நிலையத்தின் வழியே சுமார் 3 கோடிப் பேர் போனார்கள். நெரிசல் தாங்கவில்லை, இன்னோர் ஓடுபாதை வேண்டும் என்றார்கள். இடம் வேண்டுமே? பக்கத்தில் இருந்த பிரிட்ஜ்டன் என்ற ஊரில் சுமார் 2,000 வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். அந்த ஊர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, பலிக்கவில்லை. தெருக்கள், பள்ளி, குழந்தைகள் விளையாடிய திடல் எல்லாம் போயிற்று. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு.

ஓடுபாதைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தபோதே கதை மாறிவிட்டது. 2001-இல் திவாலான டிடபிள்யூஏவை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே வடக்கே சிகாகோ, தெற்கே டல்லஸ் என்று இரண்டு மையங்கள். நடுவில் மூன்றாவது எதற்கு? அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணிகளும் குறைந்தார்கள். 2003 நவம்பரில் செயின்ட் லூயிஸ் விமானங்களைப் பாதி அளவுக்கு வெட்டினார்கள். 2006-இல் புதிய ஓடுபாதை திறந்தது. எந்த நெரிசலுக்காகக் கட்டினார்களோ அந்த நெரிசல் அப்போது இல்லை. 2010-இல் பயணிகள் எண்ணிக்கை 2000-இல் இருந்ததில் பாதிகூட இல்லை.

செயின்ட் லூயிஸ் நகரம் அந்தப் பத்தாண்டில் பாதியாகச் சுருங்கிவிடவில்லை. ஊர்க்காரர்கள் பறப்பதை நிறுத்திவிடவும் இல்லை. போனவர்கள் 1,440 பேர். அதாவது, இணைப்புப் பயணிகள். அவர்கள் இப்போது சிகாகோவில் டீ குடிக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க்கிலும் இதுவே நடந்தது. யுஎஸ் ஏர் நிறுவனத்தின் மையத்துக்கென்றே 1992-இல் பெரிய முனையம் கட்டினார்கள். 2004-இல் நிறுவனம் மையத்தைக் கைவிட்டது. அதே மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா என்ற இன்னொரு மையம் அதனிடம் இருந்தது. அங்கே சொந்தப் பயணிகள் அதிகம். இரண்டில் ஒன்று போதும் என்றால் எதை வைத்துக்கொள்வார்கள்? ஆண்டுக்கு சுமார் 2 கோடிப் பயணிகளைப் பார்த்த கட்டடம் 80 லட்சத்தோடு இருட்டிக் கிடந்தது. 2025-இல் அந்த ஊர் ஒரு புதிய முனையத்தைத் திறந்திருக்கிறது. இந்த முறை சொந்தப் பயணிகளைக் கணக்கில் வைத்து, சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள். பட்டறிவு என்பது இதுதான்.

மையமாக இருக்கும் காலத்திலும் எல்லாம் தேன் அல்ல. ஒரே நிறுவனம் பெரும்பாலான விமானங்களை வைத்திருந்தால் விலையும் அதன் கையில். டெல்டாவின் மையமாக இருந்தபோது சின்சினாட்டிக்காரர்கள் ஏராளமான நேரடி விமானங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள். டிக்கெட் வாங்கும்போது காரை எடுத்துக்கொண்டு டேட்டனுக்கும் லூயிவில்லுக்கும் போனார்கள், அங்கே மலிவு என்று. விந்தை என்னவென்றால், டேட்டனில் ஏறினாலும் பல சமயம் சின்சினாட்டி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே வேறு நிறுவனங்களின் போட்டி இருந்ததால் விலை குறைவு.

ஆக, நகரத்தின் விமான வசதியில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கு சொந்தப் பயணிகள். அது மெல்ல வளரும், மெல்லத் தேயும். மேலடுக்கு இணைப்புப் பயணிகள். அது ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையில் எடுக்கும் ஒரு முடிவில் வரும், ஒரு முடிவில் போகும்.

திருச்சிக்கு வருகிறது, மதுரைக்கு ஏன் வருவதில்லை?

நாடு விட்டு நாடு போகும் விமானத்தில் மூன்றாவதாக ஒரு கை நுழைகிறது. முன்னால் சொன்ன அரசியல் இங்கேதான்.

ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டில் தன் விருப்பப்படி இறங்க முடியாது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, யார் எந்தெந்த ஊர்களுக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்று எழுதிக்கொள்கின்றன. இது இருதரப்பு விமானச் சேவை ஒப்பந்தம். அதில் பெயர் எழுதிய ஊர்களுக்குத்தான் வெளிநாட்டு நிறுவனம் வரலாம். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே 2014-இல் பேசி உயர்த்திய அளவு, ஒரு தரப்புக்கு வாரம் சுமார் 65,000 இருக்கைகள். கேட்டால் பெரிய எண். ஆனால் அந்த இருக்கைகளில் போகிறவர்களில் நிறையப் பேர் துபாய் போகிறவர்கள் அல்ல; துபாயில் மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்கள். அந்தப் பயணிகளைத் தன் நாட்டு நிறுவனங்கள் நேராகக் கொண்டுபோக வேண்டும் என்று இந்திய அரசு நினைக்கிறது. ஆகவே புதிய ஊர்களின் பெயரை எழுதிக்கொடுப்பதில் கை இறுக்கம்.

இதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைப் பாருங்கள். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை நிறுவனங்கள் அங்கே வருகின்றன. காவிரிக் கரை ஊர்களிலிருந்து அந்த நாடுகளுக்குப் போய் வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அது சொந்தப் பயணிகள் கணக்கு. அதோடு, ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளின் நிறுவனங்கள் தாராளமாக வந்து போகலாம் என்று 2003-இல் இந்தியா முன்வந்து திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை.

இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் இருந்தால் போதும். அதனால்தான் மதுரை சுங்க விமான நிலையமாக மட்டும் இருந்த காலத்திலேயே இந்திய நிறுவனங்கள் அங்கிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்தன. இலங்கை நிறுவனத்துக்கு அந்த நாட்டோடு செய்த ஒப்பந்தத்தில் வழி இருந்ததால் அதுவும் வந்தது. மற்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வழி இல்லை. "பன்னாட்டு நிலையம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு ஒரு சொல்: பெயர்ப் பலகை வேறு, ஒப்பந்தத்தில் ஊர்ப் பெயர் வேறு. கேட்பதென்றால் இரண்டாவதைக் கேட்க வேண்டும்.

இந்த ஊர்களுக்கு வர வெளிநாட்டு நிறுவனம் ஏன் துடிக்கிறது? சிங்கப்பூர் நிறுவனத்துக்குத் திருச்சி ஓர் ஆரக்கால். அந்த ஒரு கோடு கிடைத்ததும் திருச்சிக்காரரைச் சிட்னிக்கும் டோக்கியோவுக்கும் கொண்டுபோகலாம். திருச்சிக்காரருக்கும் அது லாபம்: சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று மூன்று சக்கரங்களில் அவர் ஊர் மாட்டியிருக்கிறது. ஒரே சக்கரத்தில் மாட்டிய ஊரைவிட அது வலுவான நிலை. ஒன்று கழன்றாலும் மற்றவை சுழலும்.

அரசு பணம் கொடுத்தால்?

சொந்தப் பயணிகளும் குறைவு, மையத்துக்குக் கோடும் இல்லை என்கிற ஊர்களுக்கு என்ன வழி? அமெரிக்காவில் 1978-இல் கட்டுப்பாட்டை நீக்கியபோதே, விமானம் இருந்த சிறிய ஊர்கள் அதை இழந்துவிடக் கூடாதென்று ஒரு மானியத் திட்டமும் கொண்டுவந்தார்கள். அந்த மானிய விமானம் ஒரு மைய நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இந்தச் சின்ன நிபந்தனையை நினைவில் வையுங்கள்.

இந்தியா 1994-இல் வேறு மாதிரி செய்தது. மும்பை–தில்லி போன்ற லாபத் தடங்களில் பறக்கிறவர்கள், அதற்கு விகிதமாக வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் போன்ற பகுதிகளுக்கும் பறந்தே ஆக வேண்டும் என்று விதித்தது. பிறகு 2016-இல் உடான் திட்டம். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, குறிப்பிட்ட இருக்கைகளில் 2,500 ரூபாய்தான் வாங்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். குறைகிற பணத்தை அரசு மூன்றாண்டு கொடுக்கும் என்பது ஏற்பாடு. இதற்குப் பெயர் இடைவெளி நிதி.

இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023 அறிக்கை இந்தத் திட்டத்தின் முதல் சுற்றுகளை எண்ணிப் பார்த்தது. ஒதுக்கிய தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டு முழுதும் ஓடியவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

இதில் ஊழலையும் சோம்பலையும் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்குக் கண்ணில் படுவது கோடுகள் வரைந்த விதம். எந்த ஊரை எந்த ஊரோடு இணைப்பது என்பதை ஏலம் கேட்ட நிறுவனமே முன்மொழிந்தது. நிறைய நிறுவனங்கள் மிகச் சிறியவை, நாலைந்து விமானங்கள். ஒரு விமானம் பழுதானால் மூன்று ஊர்களுக்கு அன்று சேவை இல்லை. மும்பை போன்ற நிலையங்களில் இடநேரம் கிடைக்கவில்லை. இடநேரம் என்பது குறிப்பிட்ட மணித்துளியில் ஓடுபாதையைப் பயன்படுத்தும் உரிமை. 180 பேர் ஏறும் விமானத்துக்கும் 70 பேர் ஏறும் விமானத்துக்கும் அது ஒரே அளவுதான் வேண்டும். நெரிசலான நிலையத்தில் அதை எந்த விமானத்துக்குத் தருவார்கள்? மையத்துக்குள் நுழைய முடியாத ஆரக்கால் வெறும் கம்பு.

சேலம் நல்ல எடுத்துக்காட்டு. உடான் திட்டத்தில் 2018-இல் ட்ரூஜெட் என்ற சிறிய நிறுவனம் சென்னைக்கு ஏடிஆர் என்ற சிறிய வகை விமானம் விட்டது, 2021-இல் நின்றது. அதற்கு முன் கிங்ஃபிஷர் பறந்து நின்ற கதையும் உண்டு. சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ.; ராத்திரி ரயிலில் படுத்தால் காலையில் சென்னை. சென்னைக்கே போகிற சேலத்துக்காரரை மட்டும் நம்பி ஒரு விமானம் எத்தனை நாள் ஓடும்? 2023-இல் சேவை திரும்ப வந்தபோது இண்டிகோ, சென்னையோடு பெங்களூரையும் ஹைதராபாத்தையும் இணைத்தது. அந்த ஊர்களில் அதே நிறுவனத்தின் விமானங்கள் பல திசைக்கும் கிளம்புகின்றன. தில்லி போகிற வெள்ளிக் கொலுசு வியாபாரியும் இப்போது அந்தச் சிறிய விமானத்தில் ஏற ஒரு காரணம் இருக்கிறது.

ஓடுபாதையின் நீளமும் யாழ்ப்பாணமும்

கடைசியாக ஒரு தரைச் சங்கதி. தூத்துக்குடியில் நெடுங்காலம் இருந்த ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர். அதில் ஏடிஆர் போன்ற சிறிய, விசிறி வைத்த விமானங்கள்தான் இறங்கலாம். ஏர்பஸ் ஏ320 வகைக்கு அது போதாது. அந்த வகை மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் தூத்துக்குடியைத் தன் வலையமைப்பில் எழுதிப் பார்க்கவே முடியாது. 2025-இல் புதிய முனையத்தோடு ஓடுபாதை 3 கி.மீ.க்கு மேல் நீண்டுவிட்டது. கதவு அகலமாகிவிட்டது, யார் உள்ளே வருவார்கள் என்பதை மேலே சொன்ன கணக்குகள் தீர்மானிக்கும். பெரிய விமானம் வந்தால் நல்லது என்று உடனே எண்ணிவிட வேண்டாம். நாளுக்கு 234 இருக்கைகளை மூன்று சிறிய விமானங்களில் கொடுத்தால் காலை, மதியம், மாலை என்று மூன்று அலைகளைப் பிடிக்கலாம். ஒரே பெரிய விமானத்தில் கொடுத்தால் ஓர் அலைதான்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது நன்றாகப் புரியும். அங்கே உள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர் வடக்கே சுமார் 360 கி.மீ. ஆனால் 2019 வரை சென்னைக்குப் போக வேண்டியவர் முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கி.மீ. சாலையிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வந்த வழிக்கு மேலேயே 600 கி.மீ.க்கு மேல் வடக்கே திரும்பிப் பறந்தார். 2019 அக்டோபரில் பலாலியைப் பன்னாட்டு நிலையமாகத் திறந்தார்கள். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஏடிஆர் வந்தது. கொரோனா காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024-இல் சென்னையிலிருந்து இன்னொரு நிறுவனமும், 2025-இல் திருச்சியிலிருந்து ஒரு சேவையும் சேர்ந்தன. ஓடுபாதை சிறியது, ஆகவே வருவதும் சிறிய விமானம்தான். மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் போக வேண்டிய ஊருக்கான அடுத்த விமானம் இரண்டு மணி நேரத்திலா, பன்னிரண்டு மணி நேரத்திலா?